லிவரை இழுத்தும் தண்ணீர் வரவில்லையா?

உங்களுக்குத் தெரியுமா? மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. முன்னே போகும் லாரியின் சக்கரம் வாரி இறைத்த சேற்றை வைப்பர் கண்ணாடி முழுக்க இழுகிவிட, மூன்று விநாடி எதுவும் தெரியாமல் போனால், 66 மீட்டர் தூரம் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியிருக்கிறீர்கள். மூன்று ரயில் பெட்டிகளைக் கோத்து நிறுத்தினால் வரும் நீளம் அது.

போன ஐப்பசியில் மேல்மருவத்தூர் தாண்டி எனக்கு இது நேர்ந்தது. மழை விட்டிருந்தது, சாலை மட்டும் ஈரம். மணல் லாரி ஒன்று சேற்றை அள்ளி வீசியது. கண்ணாடி கழுவும் வாஷரின் லிவரை இழுத்தேன். மோட்டார் ‘ர்ர்ர்’ என்றது. ஒரு சொட்டு வரவில்லை. ஓரமாக நிறுத்தி, குடிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றிக் கழுவும்வரை கைநடுக்கம் நிற்கவில்லை. மறுநாள் மெக்கானிக் பானட்டைத் திறப்பதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்டார்: “வீட்டு போர் தண்ணியத்தான சார் ஊத்துறீங்க?” அந்தக் கேள்வியிலேயே பாதி பதில் இருந்தது. மீதிப் பாதியைத் தேடிப் படித்தும் கேட்டும் சேர்த்ததுதான் இந்தப் பக்கம்.

★

வாஷரில் என்ன கோளாறு என்பதை முதலில் சொல்வது உங்கள் காது. வண்டியை அமைதியான இடத்தில் நிறுத்துங்கள். எஞ்சினை ஓடவிடாமல் சாவியை ‘ஆன்’ வரை மட்டும் திருப்புங்கள். ஏ.சி., பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு லிவரை இழுங்கள். வீட்டில் யாரையாவது முன்சக்கரத்தின் அருகே நின்று கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலான கார்களில் வாஷர் டேங்க் அந்தப் பக்கம்தான், பம்பருக்குப் பின்னாலோ சக்கரத்தின் மேல்மூடிக்கு உள்ளேயோ ஒளிந்திருக்கும்.

மோட்டார் சத்தம் கேட்டால், மின்சாரம் சரி, மோட்டார் சரி. கோளாறு தண்ணீர்ப் பாதையில்: டேங்க் காலி, அடைப்பு, ஹோஸ் கழன்றது, இவற்றில் ஒன்று. சத்தமே இல்லையென்றால் கோளாறு மின்பாதையில்: ஃபியூஸ், லிவர், ஒயர், மோட்டார். ஒரு நிமிடம் கூட ஆகாத இந்தச் சோதனையைச் செய்யாமலே புது மோட்டார் வாங்கி மாட்டியவர்கள் பலர். நல்ல மோட்டாரைக் கழற்றி எறிந்துவிட்டு, அதே அடைப்போடு வீடு திரும்பியிருப்பார்கள்.

சத்தத்திலும் வேறுபாடு உண்டு. தண்ணீரைத் தள்ளும் மோட்டாரின் குரல் சற்று அடங்கி, கனத்து ஒலிக்கும். காற்றை மட்டும் சுற்றும் மோட்டார் உச்சஸ்தாயியில் கீச்சிடும். கீச்சுக் குரல் கேட்டால் முதலில் டேங்கைப் பாருங்கள். தண்ணீர் இல்லாமல் அந்த மோட்டாரைத் தொடர்ந்து ஓடவிடக் கூடாது; உள்ளே சுழலும் சக்கரத்துக்கு வழுவழுப்பையும் குளிர்ச்சியையும் தருவது அந்தத் தண்ணீர்தான்.

★

கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சும் முனைதான் ஜெட். இரண்டு ஜெட்டில் ஒன்று பீய்ச்சுகிறது, இன்னொன்று பீய்ச்சவில்லை என்றால் மோட்டாரில் எந்தக் குறையும் இல்லை. தண்ணீர் இரண்டாகப் பிரியும் ‘டி’ வடிவ இணைப்பு வரை ஒழுங்காக வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கப்பால் உள்ள ஒரு சாண் ஹோஸையும் ஒரு ஜெட்டையும் பார்த்தால் போதும்.

★

இப்போது போர் தண்ணீருக்கு வருவோம். சென்னையின் பல பகுதிகளிலும், தமிழகத்தின் உள்மாவட்டங்கள் பலவற்றிலும் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. அதில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசிய உப்புகள் தண்ணீர் ஆவியானதும் வெள்ளைப் படிவாக நின்றுவிடும். குழாய் முனையிலும் குளியலறை ஷவரிலும் நாம் சுரண்டி எடுக்கும் அதே வெள்ளைக் காரைதான். ஷவரின் ஓட்டைகளே அடைபடும்போது, ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள வாஷர் ஜெட் என்ன ஆகும்? வெயிலில் நிற்கும் காரின் பானட் மேல், ஜெட்டின் வாயில் மிச்சமிருக்கும் ஒவ்வொரு சொட்டும் காய்ந்து ஒரு துளி உப்பை விட்டுவிட்டுப் போகிறது. நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, ஒரு மழைநாளில் வாய் முழுக்க மூடிக்கொள்கிறது. கண்ணாடியின் ஓரங்களில் வைப்பர் எட்டாத இடத்தில் வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால், உங்கள் ஜெட்டுக்குள்ளும் அதுதான் நடந்துகொண்டிருக்கிறது.

மாற்று மிக எளிது. ஆர்.ஓ. இயந்திரத்தின் சுத்திகரித்த தண்ணீரை ஊற்றலாம். ஆனால் அதே இயந்திரம் கழிவாக வெளியே தள்ளும் தண்ணீரை ஊற்றவே கூடாது. அதில் உப்பு இன்னும் செறிந்திருக்கும். ‘வீணாகப் போகிறதே’ என்ற நல்லெண்ணத்தில் அதைப் பிடித்து டேங்கில் ஊற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கழிப்பறை கழுவ அது சரி, வாஷருக்கு ஆகாது. வீட்டு ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து உருவானது. அதில் உப்பு கிடையாது. தூசியும் பாசியும் வரும் என்பதால் துணியில் வடிகட்டி, வாஷர் திரவத்தைக் கலந்து பயன்படுத்தலாம்.

ஏற்கெனவே படிந்த காரையை வினிகர் கரைக்கும். ஜெட்டுகளைக் கழற்றி, வெள்ளை வினிகரில் அரை மணி நேரம் ஊறப்போட்டு, நல்ல தண்ணீரில் அலசி மாட்டுங்கள். கழற்ற வராத ஜெட் என்றால், அதன் வாயில் வினிகரில் நனைத்த பஞ்சை வைத்து விடலாம். வண்டியின் பெயின்ட்டில் வழிந்தால் உடனே தண்ணீரால் துடைத்துவிடுங்கள்.

★

ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டை வெட்டி வாஷர் டேங்கில் ஊற்றும் பழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். தலைமுடியில் ஒட்டி நிற்பதற்காகவே சேர்க்கப்பட்ட வழவழப்புப் பொருள்கள் ஷாம்புவில் உள்ளன. கண்ணாடியில் அவை மெல்லிய ஏடாகப் படிந்து, இரவில் எதிரே வரும் ஹெட்லைட் வெளிச்சத்தைச் சிதறடித்துக் கண்ணைக் கூச வைக்கும். டேங்கின் அடியிலும் கொழகொழப்பாகத் தேங்கும். நுரை வேறு. பாத்திரம் கழுவும் திரவத்துக்கும் இது பொருந்தும்.

கடையில் விற்கும் வாஷர் திரவத்தின் அடர்கரைசல் ஒரு சிறு பாட்டில் பல மாதம் வரும். லேபிளில் சொன்ன அளவு மட்டும் கலக்க வேண்டும். ஒரு திரவம் பாதி இருக்கும்போதே வேறொரு கம்பெனி திரவத்தை ஊற்றினால் சில சமயம் இரண்டும் சேர்ந்து கூழாகிவிடும். காலியான பிறகு மாற்றுவதே பாதுகாப்பு.

★

வெறும் தண்ணீரில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. இதைப் படித்தபோது நானே திடுக்கிட்டேன். லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா ஒருவகைக் கடும் நிமோனியாவை உண்டாக்கும். 1976-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் முன்னாள் படைவீரர் மாநாட்டுக்கு வந்தவர்களைத் தாக்கியபோதுதான் உலகம் அதை அறிந்தது. வெதுவெதுப்பான, தேங்கிய தண்ணீர் அதற்குப் பிடித்த இடம். நுண்ணிய துளிகளாகக் காற்றில் பறந்து நுரையீரலுக்குள் போகும்போது நோய் தருகிறது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்த நோய் கண்டவர்களை ஆராய்ந்த சுகாதார நிபுணர்கள் 2010-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். வாஷர் டேங்கில் திரவம் எதுவும் கலக்காமல் வெறும் தண்ணீரை ஊற்றிய ஓட்டுநர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. அங்கே தனித்தனியாகத் தோன்றும் நோயாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கு இது காரணமாக இருக்கக்கூடும் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். 2014-ல் அரிசோனாவில் பள்ளிப் பேருந்துகளின் வாஷர் டேங்குகளைச் சோதித்த ஆய்வாளர்களும் பெரும்பாலானவற்றில் அந்தப் பாக்டீரியாவைக் கண்டார்கள். எஞ்சின் சூட்டில் பானட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் டேங்க், நம் ஊர் வெயில் இரண்டையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். பீய்ச்சும் தண்ணீரின் நுண்துளிகள் கண்ணாடியின் அடியில் உள்ள காற்றுத் துவாரம் வழியாக உள்ளே வரும்; வாஷர் திரவத்தின் வாசனை உங்கள் மூக்குக்கு எட்டுவதும் அந்த வழியில்தான். லேபிளில் சொன்ன அளவு திரவம் கலப்பது அடைப்பையும் குறைக்கும், இந்த ஆபத்தையும் குறைக்கும்.

★

வைப்பருக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்ற மேரி ஆண்டர்சன் கார் கம்பெனியைச் சேர்ந்தவர் அல்லர். அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரத்துக்காரர். பனிக்காலத்தில் நியூயார்க் போனபோது, டிராம் வண்டி ஓட்டுநர் எதிரே பார்ப்பதற்காக முன்கண்ணாடியைத் திறந்து வைத்துக்கொண்டு பனிச்சாரலில் நனைவதைக் கண்டார். உள்ளிருந்தபடியே ஒரு பிடியைத் திருப்பினால் வெளியே ரப்பர் பட்டை கண்ணாடியைத் துடைக்கும் கருவியை வரைந்தார். 1903 நவம்பர் 10-ல் காப்புரிமை எண் 743,801 அவருக்குக் கிடைத்தது. 1905-ல் ஒரு கனடா நிறுவனத்துக்கு எழுதியபோது வணிக மதிப்பு இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கார்களில் வைப்பர் பரவலானபோது காப்புரிமைக் காலம் முடிந்திருந்தது. ஒரு காசு கூட அவருக்கு வரவில்லை. 2011-ல்தான் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் அரங்கில் அவர் பெயர் சேர்ந்தது.

★

கண்ணிமை ஒருபோதும் உலர்ந்த விழிமேல் ஓடுவதில்லை. கண்ணீரின் ஈரம் எப்போதும் இருக்கும். விட்டுவிட்டு ஓடும் வைப்பரைக் கண்டுபிடித்த ராபர்ட் கேர்ன்ஸ், இமைப்பதைப் பார்த்துத்தான் அந்த யோசனையைப் பெற்றார். அதற்காக ஃபோர்டு நிறுவனத்தோடு நீதிமன்றத்தில் போராடி, 1990-ல் ஒரு கோடி டாலருக்கு மேல் பெற்றார். இமைக்கு இருக்கும் ஈரம் வைப்பருக்கும் வேண்டும்; அதைத்தான் வாஷர் தருகிறது.

★

சத்தம் வருகிறது, டேங்கிலும் தண்ணீர் இருக்கிறது, ஆனால் கண்ணாடிக்கு வரவில்லை. அப்போது பானட்டைத் திறந்து வைத்து, ஒருவர் லிவரை இழுக்க, இன்னொருவர் பார்க்க வேண்டும். எங்காவது தண்ணீர் ஒழுகினால் அங்கே ஹோஸ் கழன்றிருக்கிறது அல்லது வெடித்திருக்கிறது. பானட் கீல் அருகே ஹோஸ் ஒவ்வொரு முறையும் மடங்கி நிமிர்வதால் அங்கே விரிசல் சகஜம். சர்வீஸ் விட்டு வந்த மறுநாளே வாஷர் வேலை செய்யவில்லை என்றால், பானட்டின் உள்விரிப்பைக் கழற்றி மாட்டும்போது ஹோஸ் நசுங்கியோ கழன்றோ இருக்கும்.

எலியை மறக்கக் கூடாது. வாரக்கணக்கில் நகராத வண்டியின் பானட்டுக்குள் குடியேறும் எலி முதலில் கடிப்பது மெல்லிய ரப்பர் ஹோஸையும் ஒயரையும்தான். பானட்டுக்குள் எலிப் புழுக்கையோ தேங்காய் நார்த் துணுக்கோ கிடந்தால் ஹோஸை முழு நீளமும் தடவிப் பாருங்கள். கடிபட்ட இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, நடுவே சிறு பிளாஸ்டிக் இணைப்பு வைத்தால் போதும். பல கார்களின் வாஷர் ஹோஸ் உள்விட்டம் நான்கு மில்லிமீட்டர்தான். மீன் தொட்டிக்குக் காற்று போகும் குழாயின் உள்விட்டமும் அதுவே. வெளியூரில் மாட்டிக்கொண்டால் வண்ண மீன் கடையில் ஒரு மீட்டர் வாங்கி ஊர் வந்து சேரலாம். எஞ்சின் சூட்டில் அது நாளாவட்டத்தில் இறுகிவிடும் என்பதால் பிறகு சரியான ஹோஸை மாற்றிவிட வேண்டும்.

எங்கும் ஒழுகவில்லை என்றால் ஜெட்டுக்கு முன்னால் ஹோஸைக் கழற்றி லிவரை இழுங்கள். அங்கே தண்ணீர் பாய்ந்து வந்தால் அடைப்பு ஜெட்டில். அங்கேயும் அழுதுகொண்டே வந்தால், மோட்டார் டேங்கில் செருகியிருக்கும் இடத்து வடிகட்டியில் கசடு.

★

லிவரை இழுத்து இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் தண்ணீர் வருகிறதா? ஹோஸின் நடுவில் தண்ணீரைத் திரும்பி இறங்க விடாமல் தடுக்கும் ஒருவழி வால்வு ஒன்று பல கார்களில் உண்டு. அது பழுதானால் தண்ணீர் டேங்குக்கே திரும்பிவிடும். ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து ஏறி வர வேண்டும். அந்த இடைவெளியில் வைப்பர் உலர்ந்த தூசியைக் கண்ணாடியில் தேய்த்துவிடும்.

★

பின்கண்ணாடிக்கும் வாஷர் உள்ள கார்களில் பெரும்பாலும் ஒரே மோட்டார்தான் இரண்டுக்கும் உழைக்கிறது. ஒரு திசையில் சுற்றினால் முன்பக்கம், எதிர்த்திசையில் சுற்றினால் பின்பக்கம். பின்னால் தண்ணீர் வந்து முன்னால் வரவில்லை என்றால், மோட்டாரின் உயிர் போகவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். சில கார்களில் இரண்டு தனி மோட்டார்களும் உண்டு.

பின்பக்க ஹோஸ் காரின் நீளம் முழுக்க உள்ளேயே பயணம் செய்து, டிக்கிக் கதவின் கீலருகே ரப்பர் உறைக்குள் நுழைகிறது. அங்கே கழன்றால் தண்ணீர் கண்ணாடிக்குப் போகாமல் கூரை விரிப்புக்குள் ஊறும். பின்சீட்டருகே காரணம் தெரியாத ஈரமோ பூஞ்சை வாசனையோ வந்தால் இதையும் சந்தேகப்படுங்கள்.

★

சத்தமே வராதபோது என்ன செய்வது? லிவரை இழுத்ததும் வைப்பர் மட்டும் இரண்டு மூன்று தடவை ஓடுகிறது என்றால், லிவரிலிருந்து கட்டளை போய்க்கொண்டிருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். அடுத்தது ஃபியூஸ். வண்டியின் கையேட்டில் ‘வாஷர்’ என்ற பெயரைத் தேடி, அந்த ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பாருங்கள்; உள்ளே கம்பி அறுந்திருந்தால் கண்ணுக்கே தெரியும். நிறத்திலேயே அளவு எழுதியிருக்கிறது: சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. அதே நிறத்தைத்தான் போட வேண்டும். மறுபடியும் எரிந்தால் எங்கோ ஒயர் உரசுகிறது அல்லது மோட்டார் இறுகிவிட்டது. அந்த நேரத்தில் பெரிய ஃபியூஸோ சிகரெட் பாக்கெட் ஈயத்தாளோ செருகினால் எரியப்போவது ஒயர்.

ஃபியூஸ் நன்றாக இருந்தால் மோட்டாரின் இணைப்பைக் கழற்றி, லிவரை ஒருவர் இழுத்துப் பிடித்திருக்க, சோதனை விளக்கையோ மீட்டரையோ வைத்துப் பாருங்கள். 12 வோல்ட் வருகிறது, மோட்டார் சுற்றவில்லை என்றால் மோட்டார் போய்விட்டது. வோல்ட்டே வரவில்லை என்றால் ஒயரிலோ லிவரின் உள்தொடர்பிலோ கோளாறு. அதை எலெக்ட்ரீஷியனிடம் விடுவது நல்லது.

இடையில் ஒன்று. இந்த மோட்டார் டேங்கின் அடிப்பகுதியில், சக்கரத்துக்கு அருகில், வண்டியின் மிகத் தாழ்வான மின்பாகங்களில் ஒன்றாக இருக்கிறது. முழங்கால் தண்ணீரில் ஓட்டிவந்த கார்களில் அதன் இணைப்புக்குள் ஈரம் புகுந்து, செம்பு பச்சை பூத்துவிடும். கடலோர ஊர்களில் வெள்ளமே தேவையில்லை, உப்புக்காற்றே போதும். பல சமயம் அந்தப் பச்சையைச் சுரண்டி மாட்டியதும் மோட்டார் பேச ஆரம்பிக்கிறது. நெடுநாள் ஓடாமல் ஒட்டிக்கொண்ட மோட்டாரை ஸ்குரூ டிரைவர் பிடியால் லேசாகத் தட்டினால் எழுந்து சுற்றுவதும் உண்டு. அப்படி எழுந்த மோட்டாரை நெடுந்தூரப் பயணத்துக்கு நம்பாதீர்கள்.

★

வாஷர் டேங்க் மூடியில் கண்ணாடியும் நீர்த்தாரையும் வரைந்த சின்னம் இருக்கும். மூடி பெரும்பாலும் நீலம். அதை விட்டுவிட்டுக் கூலன்ட் டேங்கில் சோப்புத் தண்ணீர் ஊற்றியவர்கள் உண்டு. அப்படி நேர்ந்தால் எஞ்சினை ஓட்டாமல் மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள். மாறிப்போய்க் கூலன்ட் வாஷருக்குள் போனால் கண்ணாடியில் எண்ணெய் தடவியது போல் ஆகும். அதில் உள்ள எத்திலின் கிளைக்கால் இனிப்பானது, நஞ்சானது. கீழே சிந்தியதைத் தெரு நாயோ பூனையோ நக்கினால் இறந்துபோகலாம். சிந்தினால் கழுவி விடுங்கள்.

★

1960-களின் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரில் வாஷருக்கு மோட்டாரே கிடையாது. ஸ்டெப்னி டயரில் அடைத்த காற்றுதான் தண்ணீரைத் தள்ளியது! அதற்காகவே அந்த டயரில் கூடுதலாகக் காற்றடித்து வைப்பார்கள். அழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் வால்வு தானே மூடிக்கொள்ளும். பஞ்சரானால் மாட்டும் அளவுக்குக் காற்று மிஞ்சியிருக்கும். பீட்டிலில் தண்ணீர் வரவில்லையா, ஸ்டெப்னிக்குக் காற்றடி என்பதுதான் முதல் மருந்து.

ஸ்டெப்னி என்ற சொல்லும் ஒரு தெருவின் பெயர். வேல்ஸ் நாட்டின் லனெத்லி நகரில் ஸ்டெப்னி தெருவில் 1904-ல் டேவிஸ் சகோதரர்கள் உபரிச் சக்கரம் செய்து விற்றார்கள். அவர்கள் நாட்டில் அந்தச் சொல் மறைந்தே போனது. நம் ஊர்ப் பஞ்சர் கடையில் இன்னும் வாழ்கிறது.

பீட்டில் ஓடிய அதே காலத்து பிரிட்டிஷ் மினி காரில், ஓட்டுநர் டேஷ்போர்டில் உள்ள குமிழைக் கையால் அமுக்கி அமுக்கித் தண்ணீர் அடித்தார்.

★

ஜெட் அடைத்தால் ஊசியால் குத்துவது நம் முதல் வேலை. பழைய வகை, ஒரு கோடாகப் பீய்ச்சும் ஜெட்டுக்கு மெல்லிய தையல் ஊசி சரி. ஆனால் குத்தும்போது கசடு உள்ளே தள்ளப்பட்டு மறுபடி வந்து அடைக்கும். ஜெட்டைக் கழற்றி, வெளிவாயிலிருந்து உள்நோக்கிக் காற்றோ சிரிஞ்சில் தண்ணீரோ செலுத்தினால் கசடு வந்த வழியே வெளியேறும். சைக்கிள் பம்பு போதும்.

விசிறி போல் விரித்துத் தெளிக்கும் புதுவகை ஜெட்டில் ஊசி வைக்கவே கூடாது. அதனுள்ளே அசையும் பாகம் எதுவும் இல்லை. நுணுக்கமாகச் செதுக்கிய ஒரு சிறு அறையில் நீரோட்டமே தன்னைத்தானே இடமும் வலமும் வேகமாக ஆட்டிக்கொள்கிறது. 1960 வாக்கில் வாஷிங்டனில், பின்னாளில் ஹாரி டைமண்ட் ஆய்வகம் எனப் பெயர் பெற்ற அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த நுட்பம் அது. மின்னணுப் பாகம் இல்லாமல் திரவ ஓட்டத்தாலேயே கருவிகளை இயக்க முடியுமா என்று தேடியவர்களின் அறிவு உங்கள் பானட் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஓர் ஊசிக் கீறல் அந்த அறையைக் கெடுத்துவிடும்.

★

நின்றிருக்கும்போது கண்ணாடியின் நடுவில் விழும் தண்ணீர், நெடுஞ்சாலை வேகத்தில் காற்று அழுத்துவதால் கீழே விழும். அதனால் ஜெட்டைச் சற்று மேலே குறி வையுங்கள். கூரையைத் தாண்டிப் பின்னால் வருபவர் மேல் விழும் அளவுக்கு வேண்டாம்.

★

சில உயர்விலைக் கார்களில் பானட் மேல் ஜெட்டே தெரியாது. 2012-ல் வந்த மெர்சிடிஸ் எஸ்.எல். காரில் வைப்பர் பட்டையிலேயே நுண்துளைகள் வைத்து, துடைக்கும் இடத்திலேயே தண்ணீர் விட்டார்கள். அத்தகைய காருக்குச் சாதாரணப் பட்டையை மாட்டினால் தண்ணீருக்கு வழி இல்லாமல் போகும்.

★

ஊட்டியில் மார்கழி, தை மாத விடியலில் தலைகுந்தா புல்வெளி வெள்ளையாக உறைந்திருக்கும். அந்த நேரத்தில் ஜெட்டின் வாயிலும் மெல்லிய ஹோஸிலும் இருக்கும் தண்ணீரும் உறையலாம். மோட்டார் உறுமும், தண்ணீர் வராது. லிவரைத் திரும்பத் திரும்ப இழுக்காதீர்கள். எஞ்சினை ஓடவிட்டு, வெயில் ஏறும்வரை பொறுங்கள். வெந்நீரைக் கொண்டுவந்து ஊற்றினால் கண்ணாடி வெடித்துவிடலாம். லடாக், மணாலி போகிறவர்கள் உறையாத வாஷர் திரவத்தை டேங்கில் மட்டுமல்லாமல், ஒருமுறை லிவரை இழுத்து ஹோஸ் முழுக்க நிறைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

உறையாமல் இருக்கச் சில நாடுகளில் மெத்தனால் கலப்பார்கள். கண்பார்வையைப் பறிக்கும் நஞ்சு அது. பொதுமக்களுக்கு விற்கும் வாஷர் திரவத்தில் அது எடையில் 0.6 சதவீதத்தை எட்டக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் விதி கொண்டுவந்தது. எந்த வாஷர் திரவமானாலும் பழைய குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். நீல நிறம் குழந்தைகளை இழுக்கும்.

★

சாலைத் தூசியில் மணல் உண்டு. மணலில் குவார்ட்ஸ் உண்டு. கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7, கண்ணாடி ஏறத்தாழ 5.5. தண்ணீர் இல்லாமல் வைப்பரை ஓட்டும்போது, உங்கள் கண்ணாடியைவிடக் கடினமான துகள்களை ரப்பரில் பதித்து அதன்மேல் தேய்க்கிறீர்கள். பகலில் அந்தக் கீறல்கள் தெரியாது. இரவில் எதிர்விளக்கு பட்டதும் வில் வில்லாகப் பளிச்சிடும்.

★

இந்தியாவில் 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 101-ஆவது விதி வைப்பரைப் பற்றியது. பிரிட்டனில் ஆண்டுதோறும் நடக்கும் வாகனச் சோதனையில், வாஷர் போதிய தண்ணீர் அடிக்காவிட்டால் கார் தேறாது. அமெரிக்காவின் பாதுகாப்புத் தரம் எண் 104 வைப்பரையும் வாஷரையும் சேர்த்தே பேசுகிறது. நம் சோதனை நிலையங்களிலும் லிவரை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுச் சான்று தந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

★

சுத்தம் செய்வதற்கு ஒரு வரிசை இருக்கிறது. ஜெட்டில் ஆரம்பிக்கக் கூடாது. முதலில் டேங்க். மோட்டாரை ரப்பர் வளையத்திலிருந்து இழுத்தால் டேங்க் தண்ணீர் முழுவதும் கொட்டும். கீழே வாளி வையுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரை மேலிருந்து ஊற்றி, தெளிவாக வரும்வரை அலசுங்கள். பிறகு வடிகட்டி. பிறகு ஜெட்டுகளை மாட்டாமலே லிவரை இழுத்து ஹோஸில் உள்ள கசடை வெளியே விடுங்கள். கடைசியில்தான் ஜெட். வரிசை மாறினால் டேங்கின் அடியில் இருக்கும் பாசி, நீங்கள் பாடுபட்டுச் சுத்தம் செய்த ஜெட்டை அடுத்த வாரமே அடைக்கும். என் காரில் மெக்கானிக் செய்ததும் இதே வரிசைதான். டேங்கிலிருந்து வெள்ளை ஜெல்லி போல் வந்ததைக் கையில் எடுத்துக் காட்டினார். பாசியும், உப்பும், நான் முன்பு ஊற்றிய ஷாம்புவும் சேர்ந்த பிண்டம் அது. புதிதாக எதையும் வாங்க வேண்டியிருக்கவில்லை.

★

வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால்தான் ஆயுத பூஜை வருகிறது. வண்டியைக் கழுவி, மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைக்கும் அந்தக் காலையில், நீல மூடியைத் திறந்து டேங்கை நிரப்பி லிவரையும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிடலாம். பொட்டு வைக்கும்போது மட்டும் பானட்டின் மேல்விளிம்பில் ஜெட் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதைத் தவிர்த்து வையுங்கள். பூஜை முடிந்து வரும் வாரங்களில் காய்ந்த சந்தனத்தால் வாய் அடைத்த ஜெட்டுகள் தன்னிடம் நிறைய வரும் என்று மெக்கானிக் சொன்னார்.